காற்றை மிச்சம் பிடித்தவர்

அந்தப் படகில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிச்சம் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர் மேஸ்திரி. கடலுக்கடியிலிருந்து மேலே வருகிற ஒவ்வொரு டைவரிடமும் மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு மிச்சம்?" முதுகில் கட்டிய சிலிண்டரில் எவ்வளவு காற்று பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் முப்பது என்பார்கள், இருபது என்பார்கள். சில நாள் ஒன்றுமே சொல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு படகின் விளிம்பில் தொங்குவார்கள். இவர் மட்டும் ஏணியில் நிதானமாக ஏறி, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "தொண்ணூறு" என்பார். இருநூறில் தொண்ணூறு. கேட்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு அதில் இருந்த பெருமையைப் பழித்துப் பயனில்லை. நாற்பத்திரண்டு வயதுவரை மனிதர் வேறெதிலும் முதலாவதாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலாவது வாத்தியார்களுக்கு முகம் ஞாபகம் இருந்திருக்கும். வெல்டிங் பட்டறையில் ஏழு வருஷம் இருந்தார். விட்டு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் முதலாளி கவனித்தார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணப் போட்டோவில்கூடப் பாதி முகத்தை யாரோ ஒரு பெரியப்பாவின் தோள் மறைத்திருக்கும். அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து ஒரு படகே பொறாமைப்பட்டால் அவர் என்ன செய்வார் பாவம்.

காற்றை மிச்சம் பிடிப்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு மூச்சு இழுத்தால் உடனே விடமாட்டார். நெஞ்சுக்குள்ளேயே நிறுத்தி, மனதுக்குள் எட்டு வரை எண்ணி, பிறகு மனசே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். மேலே ஏறி வரும்போது மட்டும் அடக்கமாட்டார். ஏறும்போது நெஞ்சிலுள்ள காற்று விரியும், அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும் என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்த அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு. இல்லாத விவரம் வேறு. மூச்சை அடக்க அடக்க, வெளியே போகவேண்டிய கெட்ட காற்று ரத்தத்திலேயே தங்கிவிடும். சாயங்காலமானால் தலை விண்விண்ணென்று தெறிக்கும். வெயில் என்று சொல்லி இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வார்.

துறைமுகத்திலிருந்து மூன்று மணி நேரப் படகுத் தூரத்தில், முப்பத்திரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு சரக்குக் கப்பல் பல வருஷமாக ஒருக்களித்துக் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி மேலே தூக்குவதுதான் வேலை. படகில் ஒரு கிரேன், சிலிண்டரில் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரசர், தண்ணீருக்கடியில் இரும்பு வெட்டும் எரிகம்பிகளுக்காக ஆக்சிஜன் சிலிண்டர்கள் நாலு. அந்த நாலும் சங்கிலி போட்டுக் கட்டி, கிரேனுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆட்கள் ஐந்து பேர்: மேஸ்திரி, கிரேன்காரர், டைவர்கள் மூன்று. மூன்றாவது டைவர் மிச்சத்தின் மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி. அவனை வேலையில் சேர்த்துவிட்டவரே இவர்தான்.

அவ்வளவு ஆழத்தில் காற்றுக்கு வேறு ஒரு சேட்டையும் உண்டு. நாம் இழுக்கிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். மேலே இருக்கும்வரை அது இருக்கிற இடம் தெரியாது. உள்ளே போகும், அப்படியே வெளியே வந்துவிடும். முப்பது மீட்டருக்குக் கீழே போனால் அதே நைட்ரஜன் மூளையை மயக்கும். வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் அடித்தவன் கணக்காய் எல்லாம் சுகமாக, எல்லாம் சரியாக இருப்பதாய்த் தோன்றும். ஒருநாள் மைத்துனன் கிரேன் கொக்கியை இரும்புத் தகட்டில் மாட்டுவதற்குப் பதில் தன் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, தூக்கச் சொல்லிக் கயிற்றையும் இரண்டு தரம் இழுத்துவிட்டான். மிச்சம் பாய்ந்து போய்க் கழற்றிவிடாவிட்டால் பையன் மீனாய் மேலே போயிருப்பான். மேலே வந்து எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

படகின் ஓட்டும் அறையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டவணை தொங்கியது. எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருக்கலாம், அதற்குமேல் இருந்தால் ஏறி வரும் வழியில் எங்கே எவ்வளவு நேரம் நின்று வரவேண்டும், இரண்டாம் முறை இறங்குவதானால் எவ்வளவு குறைத்துக்கொள்ளவேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. மேஸ்திரி அதன்மேல் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். சிலிண்டரில் காற்றின் அளவைக் காட்டும் கேஜை வைத்து அவர் போட்ட சட்டம் ஒரே வரிதான்.

"முள்ளு சிவப்புக்கு வந்தா மேல வா. அவ்ளோதான். படிச்சவன் ஆயிரம் எழுதுவான்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தச் சட்டம் பல வருஷம் வேலை செய்தது. மற்றவர்கள் இரும்போடு மல்லுக்கட்டி, மூச்சிரைத்து, பதினெட்டு நிமிஷத்தில் சிலிண்டரைத் தீர்த்துவிடுவார்கள். அட்டவணையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் அனுமதித்தது. காற்று தீர்ந்ததால் மேலே வந்தார்கள், மேலே வந்ததால் தப்பித்தார்கள். தாங்கள் தப்பித்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மிச்சத்துக்குத்தான் சிலிண்டர் தீரவே தீராது. முப்பது நிமிஷம், முப்பத்தைந்து நிமிஷம் என்று அவர் கீழேயே இருப்பார். அவ்வளவு நேரமும் நைட்ரஜன் அழுத்தத்தின் பலத்தில் ரத்தத்துக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் முதுகுத்தண்டுக்குள்ளும் சத்தமில்லாமல் புகுந்துகொண்டே இருக்கும்.

புகுந்தது வெளியே வந்தாக வேண்டும். மெதுவாக ஏறினால் மெதுவாக வரும். சட்டென்று ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரிதான். குமிழ்கள் எங்கே உருவாகுமோ, எதை அடைக்குமோ, யாருக்கும் தெரியாது.

அவருக்கு முதலில் தோள்பட்டையில் வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து, ஞாயிறு முழுக்கக் கையைத் தூக்கவிடாமல் குடையும். திங்கட்கிழமை காலையில் தண்ணீரில் இறங்கிப் பத்து மீட்டர் போவதற்குள் வலி போன இடம் தெரியாது.

அவர் மனைவிக்கு வீட்டுக்குக் கீழேயே வேலை. தரைத்தளத்தில் ஒரு சலவைக்கடை, மூன்றாவது மாடியில் இவர்களுடைய இரண்டு அறைகள், நடுவில் ஐம்பத்திரண்டு படிகள். காலை முழுக்க நீராவிப்பெட்டியோடு நின்றுவிட்டு, தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஏறுகிறவளுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வலியைக் கேட்டால் எப்படி இருக்கும்?

"அது எப்படிங்க, பரண்ல இருக்கற பொட்டிய எறக்குங்கன்னா மட்டும் தோள் வலிக்குது? கடலுக்குப் போனா சரியாயிடுது?"

"நெசமாத்தான் வலிக்குது."

"வலிக்கும் வலிக்கும். வீட்டுவேலைன்னா ஊருல எல்லா ஆம்பளைக்கும் வலிக்குது."

பதினோரு வயசு மகள் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். அவரும் சிரித்துவிடுவார். பிறகு ஒரு கையால் பெட்டியை இறக்கித் தருவார்.

படகில் விஷயம் வேறு மாதிரி. அங்கே அந்த வலியை எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் எப்போதாவது முழங்கையிலோ முழங்காலிலோ வந்திருக்கும். அதற்கு அவர்கள் ஒரு வைத்தியமும் வைத்திருந்தார்கள். திரும்ப இறங்கு. பத்துப் பதினைந்து மீட்டருக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வா. அழுத்தம் குமிழ்களை நசுக்கும்போது வலி போய்விடும் என்பது என்னவோ உண்மைதான். அந்தப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு அவர்கள் முழு வைத்தியராகிவிட்டார்கள். இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது.

அன்று ஒரு வியாழக்கிழமை. கப்பலின் வெண்கலச் சுழல்விசிறியைக் கழற்றித் தூக்கும் நாள். மூன்று வாரமாக அதைச் சுற்றியே வேலை நடந்தது. காலையில் ஒருமுறை மூவரும் இறங்கி அச்சை வெட்டிவிட்டார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், கொக்கிக் கயிறு கட்ட மறுபடி இறங்கினார்கள். வழக்கம்போல மற்ற இருவருக்கும் காற்று தீர்ந்தது, ஏறிவிட்டார்கள். மிச்சம் மட்டும் நின்றார். கயிறு ஓர் இறக்கையில் சரியாக உட்காரவில்லை. கேஜைப் பார்த்தார், நூற்றுப்பத்து. நிறைய இருக்கிறது என்று நினைத்தார். அந்த ஆழத்தில் எல்லாமே நிறைய இருப்பதாகத்தான் தோன்றும்.

நாற்பத்தோரு நிமிஷம். அவர் ஏணியில் ஏறி வந்தபோது கயிறு இறுகி, சுழல்விசிறி அசைந்துகொண்டிருந்தது. கிரேன்காரர் கைதட்டினார்.

"எவ்வளவு மிச்சம்?"

"அம்பது," என்றார். அன்று அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்கவேண்டும்.

டீ குடித்து முடிப்பதற்குள் வயிற்றில் அரிப்பெடுத்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் தோல் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. பிறகு இடுப்பைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்குவதுபோல ஒரு வலி. பிறகு பாதங்கள் மரத்துப்போயின. சிறுநீர் கழிக்கலாம் என்று எழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கைகளால் கிரேன் கம்பியைப் பிடித்து நிமிர்ந்தார். கால் இரண்டும் தனக்குச் சம்பந்தமில்லாதவைபோல மடங்கின.

"மாமா, என்ன மாமா?" மைத்துனன் ஓடிவந்து தாங்கினான்.

"கால் இல்லடா."

"என்ன சொல்றீங்க, இருக்கு மாமா, இந்தா இருக்கு." அவன் காலைத் தொட்டுக் காட்டினான். அவருக்கு அது தெரியவில்லை.

மைத்துனனும் இன்னொரு டைவரும் சேர்ந்து அவரை நகர்த்தி, ஆக்சிஜன் சிலிண்டர்களின் மேல் சாய்த்து உட்காரவைத்தார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்தார். மேஸ்திரி கெட்டவர் இல்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கரைக்கு மூணு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள எறங்கிட்டு வந்துடு. தோளுக்கு ஆச்சுல்ல? காலுக்கு மட்டும் ஆவாதா?"

"எறக்குங்க," என்றார் மிச்சம். அவரே சொன்னார். பிறகு எத்தனையோ நாள் யாரைக் குறை சொல்லலாம் என்று தேடிப் பார்த்தும், அந்த ஒரு சொல் குறுக்கே வந்து நின்றது.

ஐம்பது மிச்சமிருந்த அதே சிலிண்டரைக் கட்டி, ஈயக் கட்டிகளை மாட்டி, மைத்துனன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நங்கூரக் கயிறோரமாக இறங்கினான். ஐந்து மீட்டரில் ஒன்றும் இல்லை. பத்து மீட்டரில் இடுப்பு வலி தளர்ந்தது. பதினைந்தில் உள்ளங்காலில் குளிர் தெரிந்தது. குளிர்! அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் குளிரை உணர்ந்திருக்க மாட்டார். கால் கட்டைவிரலை மடக்கினார், மடங்கியது. முழங்காலை நீட்டினார், நீண்டது. மைத்துனனின் பிடியை உதறிவிட்டு இரண்டு முறை காலை உதைத்து நீந்திக் காட்டினார். இடுப்பில் தொங்கிய ஸ்லேட்டில், "கால் வந்துருச்சு" என்று எழுதி அவன் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். அவன் முகமூடிக்குள்ளேயே அழுதான்.

ஸ்லேட்டைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்கள். படகில் கொண்டாட்டம். கிரேன்காரர் இன்னொரு டீ போட்டார்.

கீழே அவர் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறினால் என்ன ஆகுமோ என்ற பயம் அப்போதுதான் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றியது. அதனால் மிச்சம் பிடித்தார். எட்டு வரை எண்ணுவதைப் பத்தாக்கினார், பன்னிரண்டாக்கினார். முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சிலிண்டர் இருபது நிமிஷம் வந்தது. கயிற்றில் கட்டி இருவருக்கும் அடுத்ததை இறக்கினார்கள். அது அவருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. மூன்றாவது வந்தபோது உடம்பு குளிரில் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்திருந்தது. நடுங்குகிற உடம்பு எண்ணிக்கைக்குக் கட்டுப்படாது. அது பாட்டுக்கு வாரி வாரி இழுத்தது. வாழ்நாளில் முதல்முறையாக மற்றவர்களைப்போல அவரும் காற்றை வீணாக்கினார். அதுவும் முப்பத்தைந்து நிமிஷத்தில் தீர்ந்தது.

படகில் நிரப்பி வைத்த சிலிண்டர் வேறு இல்லை. கம்ப்ரசரை ஓட்டி நிரப்ப அரை மணி நேரம் வேண்டும். மைத்துனன் கேஜைக் காட்டி, மேலே போகலாம் என்று சைகை செய்தான். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவன் மறுபடி காட்டினான். முள் சிவப்பில் நின்றது.

மெதுவாகத்தான் ஏறினார்கள், காற்று இருந்தவரை நின்று நின்று. ஒன்பது மீட்டரில் பாதங்கள் குறுகுறுத்தன. ஆறு மீட்டரில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. அவர் கட்டைவிரலைக் கீழே காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். மைத்துனன் அவரை விடாமல் மேலே இழுத்தான். மேற்பரப்புக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே அவருக்கு உடம்பே இல்லை. "இன்னொரு தடவ எறக்குங்கடா, கீழ இருந்துச்சுடா, கீழ நல்லா இருந்துச்சு," என்று சின்னப்பிள்ளையாய்க் கத்தினார். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பச் சொன்னார்.

துறைமுகத்து ஆஸ்பத்திரியில் இதற்கு வைத்தியம் இல்லை. அழுத்த அறை இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் இன்னும் நாலு மணி நேரம். அங்கே அவரைப் படுக்கவைத்து உள்ளே தள்ளிய அறை, பார்க்க ஒரு பாய்லர் கணக்காய் இருந்தது. கதவை மூடி, தண்ணீரே இல்லாமல் பதினெட்டு மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தை ஏற்றினார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். காதுகள் அடைத்தன. அவருக்குப் பழக்கமான அடைப்பு. இதோ வரும், பாதத்தில் குளிர் தெரியும் என்று காத்திருந்தார். ஐந்து மணி நேரம் காத்திருந்தார். வரவில்லை.

மறுநாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் முதுகுத்தண்டை வரைந்து காட்டினார். பொறுமைசாலி.

"நீங்க திரும்ப இறங்கினப்ப கால் வந்துச்சு இல்ல, அது குமிழி சின்னதானதால. ஆனா அங்க நின்ன ரெண்டு மணி நேரமும் நீங்க காத்தைத்தானே இழுத்தீங்க? காத்துன்னா நைட்ரஜன். மேல மேல உள்ள ஏத்திக்கிட்டே இருந்திருக்கீங்க. மறுபடி ஏறும்போது முன்ன இருந்ததவிட மோசமாத்தான் வரும்."

"அப்ப என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டது அவர் மனைவி. கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். உடையில் சலவைக்கஞ்சியின் வாசனை போகவில்லை.

"படகுலயே படுக்கவெச்சு சுத்தமான ஆக்சிஜன் குடுத்துக்கிட்டே நேரா இங்க வந்திருக்கணும். ஆக்சிஜன்ல நைட்ரஜன் கிடையாது. உள்ள இருக்கறத அது கழுவி வெளிய தள்ளும். ஒரு மாஸ்க்கும் குழாயும் இருந்தாப் போதும். படகுல ஆக்சிஜனே இல்லையா?"

மைத்துனன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான்.

"இருந்துச்சு," என்றான். "இரும்பு வெட்ட. நாலு சிலிண்டர்." பிறகு, "அதுமேலதான் சாய்ச்சு உக்காரவெச்சிருந்தோம்," என்றான்.

அவன் அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் கிடந்தவர், காற்று காற்று என்று உயிரை விட்டோமே, பக்கத்தில் நின்றதைப் பார்க்கவில்லையே என்று நினைத்தார். சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் மனைவி பயந்துபோனாள்.

இருபத்திரண்டு முறை அந்த அறைக்குள் போய் வந்தார். முதல் பத்து முறையும் ஒவ்வொரு தடவையும் நம்பினார். அதற்குப் பிறகு, பொய் சொல்வானேன், தூங்கினார். மனைவி மட்டும் நம்பிக்கையை விடவில்லை. கடைக்கு வருகிற யாரோ ஒருவரின் சித்தப்பா எட்டு மாதம் கழித்து எழுந்து நடந்தாராம். நரம்புக்கு நாளாகும், பொறுமை வேணும் என்று அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளுக்கு முதல் நாள், டாக்டரம்மா தனியாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிகிச்சையில் இனிப் பலன் இல்லை என்றார். நேராகச் சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"இனிமே கால் சில நேரம் தானா துள்ளும். விரல் வெட்டும், முழங்கால் குதிக்கும். பாக்கறவங்க குணமாகுதுன்னு நினைச்சுக்குவாங்க. அது இல்ல. தண்டுவடத்துக்கும் மூளைக்கும் தொடர்பு போனா அப்படித்தான் வரும். உங்க மனைவிகிட்ட நான் சொல்லிடட்டுமா?"

"வேணாம் டாக்டர். நானே சொல்லிக்கறேன்."

நல்ல பதமாகச் சொல்லவேண்டும் என்று அவர் ஆஸ்பத்திரியிலேயே வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். வண்டியில் சொல்லலாம் என்று பார்த்தார், வண்டியில் மகள் இருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று பார்த்தார், ஐம்பத்திரண்டு படி ஏறும் வீடு இனி வீடு இல்லை. சலவைக்கடை முதலாளி, கடைக்குப் பின்னால் மூட்டைகள் போடும் அறையைக் காலி செய்து கொடுத்திருந்தார். ஜன்னல் ஒன்று, குழாய் ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க நீராவி சீறும் சத்தம். மனைவி மூன்று மாடிக்கும் ஏறி இறங்கிச் சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தாள். கட்டிலுக்கு எதிரே சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி புதிதாகப் பதித்திருந்தது.

"இது எதுக்கு?"

"பிடிச்சு நடக்கப் பழகறதுக்குத்தான். ஆளக் கூட்டிவந்து அடிச்சேன். அசையாம இருக்கு பாருங்க," என்று சொல்லி, கம்பியைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

அவர் கோத்து வைத்த வார்த்தைகள் அத்தனையும் அந்தக் கம்பியைப் பார்த்ததும் உதிர்ந்துவிட்டன. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். நாளைக்கும் விட்டார். வேலை முடித்துப் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வரும்போதெல்லாம் முதலில் அவள் கண் அவர் முகத்துக்குப் போகாது, காலுக்குத்தான் போகும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது அவருக்கு இடுப்பு வலியைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

மூன்றாவது வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு விடுமுறை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மனைவி வெந்நீரில் துணியை நனைத்து அவர் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார். மகளை வெளியே எங்காவது அனுப்பவேண்டும், அவ்வளவுதான்.

வலது கால் கட்டைவிரல் வெட்டியது.

துணி கிண்ணத்தில் விழுந்த சத்தத்தில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. மனைவி இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அழாதவள் முகமெல்லாம் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னங்க... அசைஞ்சுது. நான் பாத்தேன். என் கையில தெரிஞ்சுது. நீங்கதானே அசைச்சீங்க?"

இதுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் போதும். அவர் அவளைப் பார்த்தார். வெந்நீரில் சிவந்த அந்தக் கைகளைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் தன்னை இப்படிப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

"ஆமா," என்றார்.

"சொன்னேன்ல? நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்ல? பாப்பா, இங்க வா, ஓடி வா! அப்பா வெரல அசைக்கறாரு!"

மகள் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். மோவாயை மெத்தையின் விளிம்பில் பதித்து, விரலுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டாள். மனைவி போர்வையை ஒதுக்கிவிட்டாள்.

"இன்னொரு தடவ அசைங்க. பாப்பா பாக்கட்டும்."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கித் தன் பாதத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்தார். அவர்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூச்சுக் காட்டாமல், அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.